முதுகலை ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் எதை முதலில் சரிபார்ப்பது?

அகத்திணை மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலைத் தமிழ் இறுதிப் பருவத்துக்காகக் குறுந்தொகையின் தோழி கூற்றுப் பாடல்களை, அதாவது தலைவியின் தோழி பேசுவதாக அமைந்த பாடல்களைப் பற்றி ஆய்வேடு எழுதியிருக்கிறேன். முன்னுரை, நான்கு இயல்கள், முடிவுரை, பாடல் அட்டவணைகள் அடங்கிய இரண்டு பின்னிணைப்புகள் என வரைவு முழுமையாகிவிட்டது. அடுத்த மாதத் தொடக்கத்தில் பைண்டிங் செய்து துறையில் ஒப்படைக்க வேண்டும்.

நூலகத்தில் கருத்துத்திருட்டைச் சோதிக்கும் மென்பொருளில் ஏற்றிப் பார்த்ததில், பிற எழுத்துகளோடு ஒப்புமை 23 விழுக்காடு என்று அறிக்கை வந்தது. நெறியாளர் அதைப் பத்துக்குக் கீழே கொண்டுவரச் சொல்லிவிட்டார். அடிக்குறிப்புகள், சந்திப் பிழைகள், அட்டவணைகள் ஆகிய எவற்றையும் இன்னும் நான் முறையாகச் சரிபார்க்கவில்லை. எதில் தொடங்கி எதில் முடிப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

நூலக அலமாரி

கல்லூரி நூலகத்தில் இத்தகைய அறிக்கைகளை எடுத்துத் தரும் பணியில் இருக்கிறேன் என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் விடை கூறுகிறேன்.

பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறை முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வேடுகளுக்கும் பொருந்தும். பருவக் கட்டுரை, திட்ட அறிக்கை, தேர்வு விடைத்தாள் போன்றவை அதில் அடங்கா. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால், ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தி ஒப்படைக்கச் சொல்வார்கள். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியை ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். ஆகவே உங்கள் நெறியாளர் பத்து என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்த 23 எப்படி வந்தது என்பதை முதலில் பாருங்கள். உரிய முறையில் ஆதாரம் காட்டப்பட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே ஒழுங்குமுறை கூறுகிறது. மென்பொருளில் இவற்றை விலக்கும் அமைப்பு இருக்கிறது. யாராவது அதைத் தேர்ந்தெடுத்தால்தான் விலகும். சங்கப் பாடல்களை மேற்கோள் குறி இல்லாமல், உள்தள்ளி மட்டும் தட்டச்சு செய்திருந்தால் மென்பொருள் அவற்றை மேற்கோளாக அடையாளம் காணாமல் போகக்கூடும். குறுந்தொகை முழுவதும் மதுரைத் திட்டம் உட்படப் பல இணையதளங்களில் உரை வடிவில் கிடைக்கிறது. ஆகையால் நீங்கள் எடுத்தாண்ட பாடல் ஒவ்வொன்றும் ஒப்புமையாகப் பதிவாகியிருக்கும். தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களுக்கு 14 சொற்கள் வரை விலக்கு உண்டு. நாற்சீர் அடிகளாலான அகவலில் அது ஏறத்தாழ மூன்றரை அடிதான். நான்கடிப் பாடல் ஒன்றை முழுதாகக் காட்டினாலே எல்லை கடந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வரைவை மென்பொருளின் சேமிப்புத் தொகுப்பில் வைக்காமல் பரிசோதிக்குமாறு நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வரைவு சேமிக்கப்பட்டுவிட்டால், இறுதிப் பிரதியை ஏற்றும்போது உங்கள் எழுத்தே உங்கள்மேல் முழு ஒப்புமையாக வந்து நிற்கும். இலவசமாகச் சோதித்துத் தருவதாகச் சொல்லும் இணையதளங்களில் ஆய்வேட்டை ஏற்றவே வேண்டாம்.

பழைய தேர்வாளர்

அம்மா, பணி ஓய்வுக்கு முன்னர் நெடுங்காலம் புறத்தேர்வாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நூலக நண்பர் கூறிய சட்டப் பகுதியில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சரிபார்ப்பை ஒப்புமை அறிக்கையிலிருந்து தொடங்குவது தலைகீழான வேலை என்பது என் கருத்து. தமிழ் ஆய்வேட்டைப் பொறுத்தவரை அந்த அறிக்கை, குற்றமில்லாததைப் பிடிக்கிறது, பிடிக்க வேண்டியதை விட்டுவிடுகிறது. சங்கப் பாட்டு இணையத்தில் உரையாக இருப்பதால் அகப்படுகிறது. கடந்த நூற்றாண்டின் திறனாய்வு நூல்களுள் பெரும்பாலானவை அச்சிலோ படப்பிரதியாகவோ மட்டும் இருப்பதால், அவற்றிலிருந்து மூன்று பக்கத்தை அப்படியே எடுத்து எழுதினாலும் மென்பொருள் பேசாமல் இருக்கும். புறத்தேர்வாளர் அந்த நூலைப் படித்தவராக இருப்பார். எனவே அறிக்கை என்ன சொன்னாலும், துணைமை நூல்களிலிருந்து குறிப்பெடுத்த ஏட்டை எதிரில் வைத்துக்கொண்டு, எந்தப் பத்தி உங்கள் சொந்த நடை, எந்தப் பத்தி இன்னொருவர் நடையின் நிழல் என்று நீங்களே பார்க்க வேண்டும்.

என் வரிசையைக் கூறுகிறேன். முதலில் முன்னுரையில் எழுப்பிய வினாவையும் முடிவுரையையும் மட்டும் அச்செடுத்து அருகருகே வைத்துப் படியுங்கள். தேர்வாளர்களுள் பலர், நானும் அவர்களுள் ஒருவன், ஆய்வேட்டைப் பின்பக்கத்திலிருந்துதான் திறப்போம். முடிவுரை, அதன்பின் துணைநூற்பட்டியல், அதன்பின்தான் இயல்கள். கருதுகோளில் ஒன்று சொல்லி, முடிவுரையில் அதற்கு விடையே இல்லாமல் 'சங்க மக்களின் வாழ்வு செம்மையுற்று விளங்கியது' என்று முடித்திருந்தால், வாய்மொழித் தேர்வின் முதல் வினா அங்கேதான் பிறக்கும்.

அடுத்தது மேற்கோள்கள். ஒவ்வொரு பாடலையும் பதிப்பைத் திறந்து வைத்து எழுத்தெண்ணிச் சரிபார்க்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். குறுந்தொகைக்குச் சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பு 1915இல் வந்தது, உ.வே.சாமிநாதையர் பதிப்பு 1937இல் வந்தது. சந்தி பிரித்து அச்சிட்ட மர்ரே பதிப்பு 1957இல் வந்தது. உங்கள் தலைப்புக்குரிய 23ஆம் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அகவன் மகளே' என்று தொடங்கும் அந்த ஔவையார் பாட்டின் இரண்டாம் அடியைச் சீர்பிரித்தால் 'மனவுக்கோப் பன்ன' என்று வரும். சொற்பிரித்தால் 'மனவுக் கோப்பு அன்ன' என்று வரும். இரண்டும் ஏற்கத்தக்கவையே. ஒரே ஆய்வேட்டில் ஒரு பாட்டு சீர்பிரித்தும் அடுத்த பாட்டு சொற்பிரித்தும் வந்தால், மாணவர் நூலைத் திறக்கவில்லை, கிடைத்த இடங்களிலிருந்து ஒட்டியிருக்கிறார் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

உரையாசிரியர் மேற்கோளிலும் இதே கவனம் வேண்டும். குறுந்தொகைக்குப் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர் எழுதிய உரை இன்று கிடைக்கவில்லை. குறுந்தொகைப் பாடல் பற்றி 'பேராசிரியர் கூறுவார்' என்று நீங்கள் எழுதியிருந்தால், அது பெரும்பாலும் அவருடைய தொல்காப்பிய உரையில் வந்த குறிப்பாக இருக்கும். அதுவும் மெய்ப்பாட்டியல் முதலிய கடைசி நான்கு இயல்களுக்குள் இருக்க வேண்டும். அடிக்குறிப்பு அந்த இடத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். தோழி கூற்று நிகழும் இடங்களைத் தொகுக்கும் 'நாற்றமும் தோற்றமும்' என்னும் தொல்காப்பியக் களவியல் நூற்பாவுக்கு எண் கொடுக்கும்போது, அது இளம்பூரணர் பாடத்தின் எண்ணா, நச்சினார்க்கினியர் பாடத்தின் எண்ணா என்பதையும் குறிக்க வேண்டும். இருவர் பாடத்திலும் நூற்பா எண்கள் ஒத்துவருவதில்லை.

கடைசி பெஞ்ச் ஆய்வாளர்

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இன்றைய நடைமுறையில் விழுக்காடுதான் வாயிற்கதவு. அறிக்கையில் எண் கூடினால் ஆய்வேடு தேர்வாளர் மேசைக்கே போகாது. அதன்பின் முடிவுரை எவ்வளவு செம்மையாக இருந்து என்ன பயன்? வரைவை நூலகம், நெறியாளர், துறைத்தலைவர் என்று அலைந்து கையெழுத்து வாங்குவதற்குள் நாள்கள் ஓடிவிடும். ஆகையால் தங்கைக்கு என் அறிவுரை இதுதான்: முதலில் எண்ணைக் குறையுங்கள். வண்ணமிட்டுக் காட்டும் தொடர்களில் சொற்களை மாற்றி, வாக்கியங்களைத் திருப்பிப் போட்டால் ஓரிரு இரவுகளில் பத்துக்குக் கீழே வந்துவிடும். என் நண்பர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

பழைய தேர்வாளர்

தம்பி, கதவு என்பதை ஏற்கிறேன். நீங்கள் காட்டும் சாவியை ஏற்கமாட்டேன். அண்மையில் படிக்க நேர்ந்த ஓர் ஆய்வேட்டில் தலைவியின் காதலை அவள் வீட்டாருக்கு வெளிப்படுத்துவதைக் குறிக்கும் 'அறத்தொடு நிற்றல்' வர வேண்டிய இடமெல்லாம் 'உண்மையைப் புலப்படுத்தி நிலைத்தல்' என்று இருந்தது. 'வரைவு கடாதல்' என்பது 'மணத்தை வற்புறுத்துதல்' ஆகியிருந்தது. 'இற்செறிப்பு' என்பது 'வீட்டுச் சிறை' ஆகியிருந்தது. மென்பொருளின் வண்ணத்தைப் போக்குவதற்காகச் செய்த வேலை இது என்பது வெளிப்படை. துறைக் கலைச்சொல்லை மாற்றிவிட்டால் அந்த ஆய்வு எந்த மரபைப் பற்றிப் பேசுகிறது என்பதே தெரியாமல் போய்விடும். பிறர் கருத்தை, அவர் பெயரைச் சொல்லாமல், சொல்லை மட்டும் மாற்றி எழுதுவது கருத்துத்திருட்டிலிருந்து உங்களை விடுவிக்கவும் செய்யாது. அது எளிதில் பிடிபடாத திருட்டாகிறது, அவ்வளவுதான்.

வண்ணமிட்ட பத்தி ஒவ்வொன்றையும் மூன்றில் ஒன்றாக வகைப்படுத்துங்கள். பாட்டோ நூற்பாவோ என்றால் மேற்கோள் குறியும் பதிப்பும் கொடுத்து அப்படியே விடுங்கள். திறனாய்வாளர் ஒருவரின் சொல் என்றால், அந்தச் சொல்லே தேவையா என்று பாருங்கள். தேவையென்றால் அது மேற்கோள், தேவையில்லையென்றால் நூலை மூடிவைத்துவிட்டு அவர் சொன்னதன் சாரத்தை உங்கள் நடையில் இரண்டு வரியில் எழுதி அவருக்கு அடிக்குறிப்பு கொடுங்கள். எட்டுத்தொகை அறிமுகம், பூரிக்கோ தொகுத்தது, அடியளவு நான்கு முதல் எட்டு என்பன போன்ற பொதுச் செய்தி என்றால், பெரும்பாலும் அந்தப் பத்தியே வேண்டியதில்லை. முதுகலைத் தேர்வாளருக்குக் குறுந்தொகையை யார் தொகுத்தார் என்று ஐந்து பக்கம் சொல்ல வேண்டியதில்லை. முதல் இயலின் பாதியை வெட்டினால் எண்ணும் குறையும், ஆய்வேடும் உருப்படும்.

நூலக அலமாரி

தேர்வாளர் ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், முடிவுகள் முதலிய மையப் பகுதிகளில் ஒப்புமையே இருக்கக் கூடாது என்று ஒழுங்குமுறையின் குறிப்பு கூறுகிறது. மொத்த எண் 8 என்றிருந்து, அந்த எட்டும் முடிவுரையிலேயே இருந்தால் நிலைமை நன்றாக இல்லை என்றுதான் பொருள். ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காமல், இயல்வாரியாகப் பாருங்கள். ஆய்வேடு தம்முடைய சொந்தப் படைப்பு, அனுமதிக்கப்பட்ட மென்பொருளில் பரிசோதிக்கப்பட்டது என்று மாணவர் உறுதிமொழி தர வேண்டும். நெறியாளரும் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். அவர் பத்து என்று வற்புறுத்துவதற்கு அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம்.

அகத்திணை மாணவி

மிக்க நன்றி ஐயா. நண்பர்களுக்கும் நன்றி. பாடல்களை இணையத்திலிருந்து எடுத்து, அடிக்குறிப்பில் உ.வே.சா. பதிப்பின் பக்க எண்ணைக் கொடுப்பது எங்கள் துறையில் வழக்கமாக இருக்கிறது. இது தவறாகுமா? மேலும், இரண்டாம் இயலை எனக்கு முன்பே தட்டச்சு நிலையத்தில் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார்கள். மற்ற இயல்களை நானே யூனிகோடில் அடித்தேன். அறிக்கையில் இரண்டாம் இயலுக்கு மட்டும் ஒப்புமை சுழியம் என்று வந்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

வடலி வாசகர்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த ஆய்வேடுகள் இன்னமும் வருகின்றன. ஆகையால் அந்தச் சுழியம் எனக்குப் பழக்கமானது. பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழாக இருந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். மென்பொருள் அந்தக் குழப்பத்தை எந்தத் தமிழ் உரையோடும் ஒப்பிட முடியாது. எனவே சுழியம் என்பதற்கு 'பரிசோதிக்கப்படவில்லை' என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். இதை நல்ல செய்தியாக எண்ணி விட்டுவிடாதீர்கள். மேற்பார்வையாளர் கண்ணில் பட்டால், மறைக்கவென்றே அந்த எழுத்துருவைப் பயன்படுத்தியதாகவும் எடுத்துக்கொள்ளக்கூடும்.

எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்குங்கள். மாற்றிய பின்னர் மேற்கோள் குறிகள், அடைப்புக்குறிகள், கிரந்த எழுத்துகள், இடையில் வரும் ஆங்கிலப் பெயர்கள் ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிதையும். இறுதியாகப் பிடிஎஃப் ஆக்கியதும் ஒரு பத்தியை அதிலிருந்து நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். சில முறைகளில் ஆக்கிய பிடிஎஃபில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாகப் பிரிந்து நிற்கும். 'கொடி' என்பது கொம்பு, ககரம், கால் என்று துண்டு துண்டாக விழும். அப்படி விழுந்தால் மென்பொருளும் அதே துண்டுகளைத்தான் படிக்கும்.

பழைய தேர்வாளர்

பக்க எண் பற்றிய கேள்விக்கு விடை: தவறுதான், வழக்கம் என்பதால் சரியாகிவிடாது. மின்னுரையில் அச்சுப் பதிப்பின் பக்க அமைப்பு பொதுவாக இருப்பதில்லை. தட்டச்சுப் பிழைகளும் இருக்கும். பாட்டை மின்னுரையிலிருந்து நகலெடுப்பதில் குற்றமில்லை, ஆனால் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்ட பிறகே அதன் பக்கத்தைக் கொடுக்கலாம். நூல் கையில் இல்லையென்றால், பழைய பதிப்புகள் பலவற்றின் படப்பிரதிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. சென்னைக்கு வர முடிந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஆண்டிலும் கவனம் வேண்டும். முதற்பதிப்பின் ஆண்டைப் போட்டு, அண்மைய மறுபதிப்பின் பக்கத்தைக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கையில் வைத்திருந்த பிரதியின் தலைப்புப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் துணைநூற்பட்டியலில் வர வேண்டும்.

ஒற்றுப்பிழை

பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். மொழிச் சரிபார்ப்பைக் கடைசியில் வையுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். வெட்டிச் சேர்க்கும் வேலை முடியாத பிரதியில் ஒற்றுப் பார்ப்பது வீண் உழைப்பு.

உங்கள் கோப்பில் 'ஔவையார்' என்று தேடிப் பாருங்கள். அடுத்து ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து 'ஒளவையார்' என்று தேடுங்கள். இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு வெவ்வேறு சொற்கள். தோழி கூற்றுப் பாடல்களைப் புலவர்வாரியாக எண்ணி அட்டவணை போட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தேடல் வசதியை நம்பி எண்ணியிருந்தால், ஔவையாரின் பாடல்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்திருக்கும். பட எழுத்துணரி வழியாக எடுத்த உரையில் 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண்ணாகிய ஏழும், 'க' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஒன்றும் வந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பொல்லாத இடம், ஒட்டுமொத்தமாகச் சொல் மாற்றும் கட்டளை. ஆய்வேடு முழுவதும் 'தலைவி' என்று ஒருமைப்படுத்த எண்ணி, 'தலைமகள்' என்பதை ஒரே சொடுக்கில் மாற்றினால், பாட்டின் அடியில், யார் எந்தச் சூழலில் பேசியது என்று சொல்லும் பழைய கூற்றுக் குறிப்பிலும் 'தலைமகள் இயற்பட மொழிந்தது' என்பது 'தலைவி இயற்பட மொழிந்தது' ஆகிவிடும். மேற்கோள் கெட்டது யாருக்கும் உடனே தெரியாது. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு.

அட்டவணைக் கூட்டுத்தொகைகளைக் கையால் கூட்டிப் பாருங்கள். இரண்டாம் இயலில் தோழி கூற்றுப் பாடல்கள் என்று ஓர் எண்ணும், பின்னிணைப்பில் வேறோர் எண்ணும், முடிவுரையில் மூன்றாவது எண்ணும் இருக்கும் ஆய்வேடுகள் என் மேசைக்கு நூலாக்கத்துக்கு வருகின்றன. பட்டம் வாங்கிய பிறகு! சந்திக்கு மட்டும் வேண்டுமானால் கூலி கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணையும் மேற்கோளையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கடைசி பெஞ்ச் ஆய்வாளர்

அறத்தொடு நிற்றல் எடுத்துக்காட்டுக்குப் பிறகு சொல்மாற்று யோசனையை நான் வற்புறுத்தவில்லை. ஒரு கேள்வி மட்டும். துணைநூற்பட்டியலை ஒழுங்குபடுத்தவும் விடுபட்ட ஆண்டுகளை நிரப்பவும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்தலாமா?

நூலக அலமாரி

அகரவரிசைப்படுத்தச் சொல்லலாம்; ஆண்டை நிரப்பச் சொல்லாதீர்கள். இல்லாத நூலுக்கும் பதிப்பகமும் ஆண்டும் பொருத்தமாகத் தோன்றும்படி அது எழுதித் தரும். அத்தகைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூல் கேட்டு வருபவர்கள் எங்கள் முகப்பு மேசைக்கு இப்போது அடிக்கடி வருகிறார்கள். பட்டியலிலுள்ள நூல் ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் அடிக்குறிப்பிலாவது வந்திருக்கிறதா, அடிக்குறிப்பிலுள்ள நூல் ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று இருபுறமும் சரிபாருங்கள். பேனாவால் குறியிட்டுச் செய்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

அகத்திணை மாணவி

நன்றி. எழுத்துருவை மாற்றிவிட்டு, முதல் இயலைச் சுருக்கி, மேற்கோள்களை விலக்கி மீண்டும் அறிக்கை எடுக்கப்போகிறேன். இறுதியாக ஓர் ஐயம். பாடல்களின் கீழுள்ள கூற்றுக் குறிப்புகளையும் பாட்டைப் போலவே மூலமாகக் கொண்டு எழுதியிருக்கிறேன். அவற்றை எப்படிக் காட்டுவது முறை?

பழைய தேர்வாளர்

நல்ல கேள்வி. கூற்றுக் குறிப்பு புலவர் எழுதியதன்று, பிற்காலத்தார் சேர்த்தது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற கருத்து. சில பாடல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சூழலும் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் தலைப்பே 'தோழி கூற்று' என்பதால், எந்தப் பாடலைத் தோழி கூற்றாக எண்ணினீர்கள் என்பது முழுக்க அந்தக் குறிப்பைச் சார்ந்திருக்கிறது. முன்னுரையில் ஆய்வு எல்லை என்னும் பகுதியில், எந்தப் பதிப்பின் குறிப்பைப் பின்பற்றினீர்கள், இரு சூழல் உள்ள பாடல்களை எந்தப் பக்கம் சேர்த்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். பின்னிணைப்பு அட்டவணையில் அத்தகைய பாடல் எண்களுக்கு உடுக்குறி இடுங்கள். இயலின் உள்ளே பாட்டைத் தனியாகவும் குறிப்பைத் தனியாகவும் மேற்கோள் காட்டுங்கள். இரண்டையும் ஒரே மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டாம்.

அகத்திணை மாணவி

அந்தப் பத்தியை இன்றே எழுதி நெறியாளரிடம் காட்டுகிறேன், ஐயா.